சொல்லின் அருகில் ஒரு மனிதன்

கான்டனீஸ் மொழியில் 'கௌ ஜூ' என்று ஈரசைச் சொல் ஒன்று உண்டு. முதல் அசையை ஏற்றாமல் இறக்காமல் நடுமட்டத்தில் நிறுத்தி, இரண்டாம் அசையை மேல்நோக்கி இழுத்தால் 'இரட்சகர்' என்று பொருள். முதல் அசையையும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டால் 'நாய்க்குச் சொந்தக்காரர்' என்று பொருள் மாறிவிடும். எழுத்தில் எந்த வேறுபாடும் தெரியாதபடி நம் லிபியில் எழுதிவிடலாம். காதுக்குத்தான் வேறுபாடு தெரியும்.

பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். தன் வாழ்வில் தான் மிகவும் மதிக்கும் சொல் எதுவோ, அதை இன்னொரு மொழியில் சொல்ல முயல்கிறான். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மடியில் குறிப்பேடு. ஆசிரியர் எதிரே அமர்ந்திருக்கிறார். அவன் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. வலக்கையை நெஞ்சுக்கு நேராகத் தட்டையாக நீட்டிக் காட்டுகிறார்: இது முதல் அசை. பிறகு அதே கையைச் சாய்வாக மேலே கொண்டுபோகிறார்: இது இரண்டாவது. "மறுபடியும்" என்கிறார். அவன் மறுபடியும் சொல்கிறான். பத்தாவது முறை கை இறங்குகிறது, ஆசிரியர் தலையசைக்கிறார். அந்த அறையில் நடப்பது மொழிப்பாடம் மட்டும்தானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தனக்குப் புனிதமானதை வாய் தவறிச் சிதைத்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு ஒருவன் பேசக் கற்கும்போது, அவன் கற்பது பணிவையும்தான்.

இந்த வகுப்பறை இருப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரில். மார்மன்கள் என்று உலகம் பொதுவாக அழைக்கும் கிறிஸ்தவ சபையார் தம் இளைஞர்களை ஊழியத்துக்கு அனுப்புமுன் அங்கே பயிற்சி தருகிறார்கள். இளைஞர்களும் இளம்பெண்களும் 18 வயதிலிருந்து போகலாம். இளைஞர்களுக்கு 24 மாதம், இளம்பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு, எந்த மொழி என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அழைப்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். செலவைத் தாமும் தம் குடும்பமும் ஏற்கிறார்கள். ஹாங்காங் என்று கடிதம் வந்தவர்களில் பலருக்குக் கான்டனீஸ்.

அவர்களுடைய சமயம் என் சமயம் அல்ல. அவர்கள் சொல்லப்போகும் செய்தியை நான் இங்கே எடைபோடவும் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் "நான் நம்புவது இது" என்று சொல்லத் தன்னை எப்படித் தகுதியாக்கிக்கொள்கிறான் என்பதே என் அக்கறை. அது மதப்பணியாளருக்கு மட்டும் உரிய கேள்வியாக எனக்குப் படவில்லை. பிள்ளைக்கு அறம் சொல்லும் தகப்பன், மாணவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், மேடையில் கொள்கை பேசுகிறவர் என எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

மொழியின் கடினத்தை முதலில் பார்ப்போம். கான்டனீஸில் ஆறு சுரங்கள். 'ஸி' என்ற ஒரே அசையை உயரமாக நிறுத்தினால் கவிதை, கீழிருந்து மேலே ஏற்றினால் வரலாறு, நடுமட்டத்தில் முயற்சி, அடித்தொண்டைக்கு இறக்கினால் நேரம், தாழ்விலிருந்து சற்றே ஏற்றினால் சந்தை, தாழ்ந்த மட்டத்தில் நிறுத்தினால் காரியம். நமக்குக் 'கல்' வேறு, 'கால்' வேறு. மாத்திரை மாறினால் பொருள் மாறும் என்று தாய்ப்பாலோடு கற்றுவிடுகிறோம். நமக்கு மாத்திரை எப்படியோ அவர்களுக்குச் சுரம் அப்படி. ஆங்கிலம் பேசி வளர்ந்தவனோ குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேள்விக்கும் கோபத்துக்கும் வியப்புக்கும் செலவிட்டுப் பழகியவன். கேள்வி கேட்கும்போது அவனை அறியாமல் கடைசிச் சொல்லில் குரல் உயரும். உயர்ந்த மாத்திரத்தில் அந்தச் சொல் வேறு சொல்லாகிவிடும். தன் உணர்ச்சியை எந்த வழியாக வெளியிட்டுப் பழகினானோ, அந்த வழியையே அவன் முதலில் அடைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளின் பட்டியலில் கான்டனீஸைச் சேர்த்திருக்கிறது. அங்கே அதற்கு ஒதுக்கும் காலம் 88 வாரம், 2,200 வகுப்பு மணி. புரோவோவில் இந்த இளைஞனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்பது வாரம். ஆகவே அவன் அரைகுறை நாக்கோடுதான் விமானம் ஏறுகிறான். இதைக் குறையென்று மட்டும் நான் நினைக்கவில்லை. முழுத் தேர்ச்சியோடு போகிறவன் பேசத் தொடங்கிவிடுவான். அரைகுறையாகப் போகிறவன் கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் கேட்பது தானாக வந்துவிடாது. அதற்கும் பயிற்சி வேண்டும். புரோவோ பயிற்சி மையத்தில் மொழிப்பாடத்தோடு சேர்ந்தே நடக்கிறது கற்பித்தல் பயிற்சி. ஆசிரியர்களில் பெரும்பாலோர் முன்பு இதே ஊழியத்துக்குப் போய்த் திரும்பியவர்கள். ஹாங்காங்கில் தாங்கள் சந்தித்த ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு, அவராகவே மாறி வந்து அமர்வார்கள். பயிற்சி பெறுபவர்கள் எப்போதும் இருவர் இருவராக, ஒரு துணையோடுதான் போவார்கள். கதவைத் தட்ட வேண்டும், காலணி கழற்ற வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும். 'ஸிக் ஜோ ஃபான் மேய்' என்பது அங்கே ஒரு நலவிசாரணை. சோறு சாப்பிட்டாயிற்றா என்று பொருள். நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்தவரிடம் முதலில் கேட்பதும் அதைத்தானே!

அப்படி ஒரு பயிற்சிப் பாடத்தை அருகிலிருந்து பார்ப்போம். இளைஞன் இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம்: கடவுள் நம்மை நேசிக்கும் தந்தை. சுரம் பிசகாமல் சொல்லிவிட்டான். முகத்தில் நிம்மதி. எதிரே நடுத்தர வயதுப் பெண்ணாகத் தன்னைப் பாவித்து அமர்ந்திருக்கும் ஆசிரியை மெல்லிய குரலில் இரண்டு வாக்கியம் சொல்கிறார். அதில் 'மா மா' என்ற சொல் புரிகிறது: அம்மா. 'யீ யுன்' என்ற சொல் புரியவில்லை. அவனுக்கு அடுத்து வரும் வாக்கியம் தொண்டையில் காத்திருக்கிறது. தலையசைத்து 'ஹோ' என்கிறான். நல்லது என்று பொருள். உடனே அடுத்த வாக்கியத்துக்குப் போகிறான்.

பாடம் முடிந்ததும் ஆசிரியை தன் இயல்புக்குத் திரும்பிக் கேட்கிறார்: "நான் என்ன சொன்னேன், தெரியுமா?" அவனுக்குத் தெரியவில்லை. "யீ யுன் என்றால் மருத்துவமனை. என் அம்மா மருத்துவமனையில் இருக்கிறார் என்றேன். நீ நல்லது என்றாய்."

அவன் சொன்ன வேத வாக்கியத்தில் ஒரு சுரமும் பிசகவில்லை. பிசகியது அவன் இருப்பு. கடவுளின் அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், எதிரே இருந்தவரின் துயரத்தைக் கடந்து போய்விட்டான். இது மொழி தெரியாததால் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புரியாத சொல்லை அவனும் கவனித்தான், கேட்டிருக்கலாம். 'ம் மிங்' என்ற இரண்டு அசை போதும்: விளங்கவில்லை. முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் சொல்தான் அது. அவன் அதைச் சொல்லாததற்குக் காரணம், தான் சொல்ல வந்தது தான் கேட்க வேண்டியதைவிடப் பெரியது என்று உள்ளுக்குள் நினைத்ததே.

இந்தத் தவறு எனக்கு அந்நியமானதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நண்பன் ஒருவன் விபத்தில் இறந்தான். அவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். கூடத்தில் அவன் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு மௌனம் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று, பிறப்பும் இறப்பும் நம் கையில் இல்லை, ஆன்மாவுக்கு அழிவில்லை என்று படித்ததையெல்லாம் பேசினேன். கால்மணி நேரம் இருக்கும். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பி, தொண்ட வறண்டிருக்குமே, கொஞ்சம் தண்ணி குடிக்கிறியாப்பா?" என்றார். ஆறுதல் சொல்லப் போனவன் நான். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் என் தொண்டையைக் கவனித்தார். நான் அவர் கண்ணைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அன்று நான் பேசியது பொய்யல்ல. நான் நம்பியதைத்தான் பேசினேன். ஆனாலும் அந்தத் தம்ளர் தண்ணீருக்கு முன் என் நம்பிக்கை மிகச் சிறியதாகப் போய்விட்டது.

கான்டனீஸ் மொழிக்குள் நம்பிக்கையைச் சொல்லவந்தவர்களின் வரலாறு நெடியது. அதில் எனக்கு மிக நெருக்கமானவர் ராபர்ட் மாரிசன். இங்கிலாந்தின் வடகோடியில் 1782இல் பிறந்து, லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சீனத்துக்குப் போன முதல் புரொட்டஸ்டன்ட் ஊழியர். புறப்படுமுன் லண்டனிலேயே யோங் சாம் தாக் என்ற கான்டன்காரரிடம் சீனம் படித்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த சீன விவிலியக் கையெழுத்துப்படி ஒன்றை இருவரும் சேர்ந்து படியெடுத்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு நிகழ்ச்சி. ஆசிரியர் காகிதத்தில் சில எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். மாரிசன் அவற்றை மனத்தில் பதித்துக்கொண்டு, வேலை முடிந்த காகிதத்தை நெருப்பில் போட்டார். யோங் சாம் தாக் கொதித்துப்போனார். மூன்று நாள் பாடம் சொல்ல மறுத்துவிட்டார். எழுத்து பதிந்த காகிதம் சீனருக்குப் போற்றுதற்குரியது. அதைக் குப்பைபோல் எரிப்பது அவமதிப்பு. அதன் பிறகு மாரிசன் தகரத் தட்டு ஒன்றில் எழுதி, கற்றபின் அழித்துக்கொண்டார்.

இதைப் படிக்கும் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். வேதத்தைச் சொல்லக் கடல் கடக்கவிருந்தவருக்கு, எழுத்து புனிதமானது என்ற பாடம் அவர் 'அஞ்ஞானி' என்று எண்ணியிருந்த ஆசிரியரிடமிருந்துதான் வந்தது. மாரிசனின் பெருமை, அந்தக் கோபத்துக்கு மதிப்பளித்துத் தகரத் தட்டை எடுத்ததில் இருக்கிறது. கற்பிக்கப் போகிறவன் முதலில் யாரிடமாவது மாணவனாக இருந்து திட்டு வாங்கியிருக்க வேண்டும்.

1807 செப்டம்பரில் மாரிசன் சீனக் கரையை அடைந்தபோது, வெளிநாட்டாருக்கு மொழி கற்பிப்பது சீனருக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. அது வெற்று மிரட்டல் அல்ல. அரை நூற்றாண்டுக்கு முன், ஜேம்ஸ் பிளின்ட் என்ற ஆங்கிலேய வணிகர் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதியபோது அவருக்கு உதவிய லியூ யாபியன் மரண தண்டனை பெற்றார். பிளின்ட்டுக்கோ மூன்றாண்டுக் காவலோடு முடிந்தது. மாரிசனின் ஆசிரியர்களில் ஒருவர், பிடிபட்டால் சித்திரவதைக்குத் தப்ப வேண்டும் என்று எப்போதும் நஞ்சை உடன் வைத்திருந்தார் என்று மாரிசனின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் அந்த விலையில் வாங்கப்பட்டது. விலை கொடுத்தவர்கள் சீனர்கள்.

முதலில் மாரிசன் சீன உடை அணிந்தார், நகம் வளர்த்தார், பின்னல் தொங்கவிட்டார். பிறகு அவை வேண்டாம் என்று களைந்தார். மொழியை மட்டும் விடவில்லை. 1815 முதல் 1823 வரை அவருடைய பெரும் சீன அகராதி தொகுதி தொகுதியாக வெளிவந்தது. 1823இல் முழு விவிலியமும் மலாக்காவில் சீனத்தில் அச்சாகி முடிந்தது. வில்லியம் மில்ன் அதில் உடன் உழைத்தவர். 1828இல் கான்டன் பேச்சுமொழிக்கென்றே தனியாக ஒரு சொற்றொகுதி வெளியிட்டார். அவரிடம் முதல் மனிதர் திருமுழுக்குப் பெற்றது 1814இல், வந்து சேர்ந்து ஏழாண்டுக்குப் பின். 1834இல் கான்டனில் அவர் இறந்தபோது, 27 ஆண்டு உழைப்பின் பலனாகச் சபையில் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கையால் அளந்தால் தோல்வி. ஆனால் அவர் ஒரு மக்களின் பேச்சைத் தன் வாழ்நாள் அளவுக்குக் காதுகொடுத்துக் கேட்டார். அந்த அகராதியின் ஒவ்வொரு பதிவும் யாரோ ஒருவர் பேச இவர் கேட்டதற்கான சான்று.

மாரிசன் வாழ்விலும் நிழல் இருந்தது. அவருக்குச் சோறு போட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் வேலை. அந்தக் கம்பெனி வங்காளத்தில் விளைவித்த அபின்தான் சீனத்துக்குள் கடத்தப்பட்டது. அந்த நிழல் இன்னும் அடர்ந்து விழுந்தது கார்ல் கூட்ஸ்லாஃப் மேல். பிரஷ்யாவிலிருந்து வந்தவர், மொழித்திறனில் அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை. கடற்கரை மக்களின் பேச்சுமொழியை அவர்களில் ஒருவர்போலப் பேசினார். 1832இல் அபின் வணிகர் வில்லியம் ஜார்டின் தம் கப்பலுக்கு மொழிபெயர்ப்பாளராக வரும்படி அழைத்தபோது, மனப்போராட்டத்துக்குப் பின் அவர் ஏறிவிட்டார். உள்ளூருக்குள் நற்செய்தி கொண்டுபோக வேறு வழி இல்லை என்பது அவர் சமாதானம். அந்தப் பயணத்தில் ஒரே கப்பலிலிருந்து வேதப் பிரசுரமும் அபின் பெட்டியும் கரை இறங்கின. இரண்டுக்கும் பேசிய நாக்கு ஒன்று.

கரையில் நின்று வாங்கியவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். அவர் கைக்கு வந்த காகிதத்தில் எவ்வளவு நல்ல சொல் இருந்தாலும், அதைக் கொடுத்தவர் வந்த கப்பல் எது என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். சுரம் பிசகாத மொழி அங்கே எதையும் காப்பாற்றவில்லை. பிற்காலத்தில் கூட்ஸ்லாஃப் உள்ளூர்ப் பணியாளர்களைக் கூலிக்கு அமர்த்தி நூல்களை உள்நாட்டுக்கு அனுப்பினார். அவர்களில் பலர் எங்கும் போகாமல், வாங்கிய நூல்களை அச்சகத்தாரிடமே விற்றார்கள். அச்சகத்தார் அவற்றை மறுபடி அவருக்கே விற்றார். சொல்லையும் மனிதனையும் ஒரு முறை பிரித்துவிட்டால், பிறகு அந்தப் பிரிவு எல்லோருக்கும் வழியாகிவிடுகிறது.

சொல்லைக் கொடுத்துவிட்டு நில்லாமல் போவதன் விளைவுக்கு இதைவிடக் கொடிய சான்றும் உண்டு. மாரிசனிடம் அச்சுப்பலகை செதுக்கிய லியாங் ஃபா என்ற எளிய மனிதர் பின்னாளில் ஊழியராகி, 1832இல் நற்போதனை நூல் ஒன்றை எழுதினார். அரசுத் தேர்வு எழுதக் கான்டனுக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு அது தெருவில் கிடைத்தது. ஹோங் சியுச்சுவான் என்பது அவர் பெயர். தேர்வில் மீண்டும் தோற்று நோயில் விழுந்து, கனவுக் காட்சிகள் கண்டு, 1843இல் அந்த நூலை ஆழ்ந்து படித்தபோது, தாமே இயேசுவின் தம்பி என்ற முடிவுக்கு வந்தார். அவர் தலைமையில் எழுந்த தைப்பிங் கிளர்ச்சி 1864 வரை நீடித்தது; குறைந்தது இரண்டு கோடிப் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தப் போருக்குப் பசி, வரி, ஆட்சியின் சீர்கேடு என்று ஆயிரம் காரணங்கள் இருந்தன. ஒரு சிறுநூலின் மேல் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும் தெருவில் நூலை நீட்டியவர், வாங்கியவரின் பெயரைக் கேட்டு, மறுநாள் வந்து பார்த்து, "படித்ததில் என்ன விளங்கியது?" என்று விசாரித்திருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அந்தக் கிளர்ச்சிப்படை நாஞ்சிங் நகரைப் பிடித்தது 1853 மார்ச்சில். அடுத்த மாதமே ஹாங்காங் துறைமுகத்தில் மூன்று அமெரிக்கர்கள் வந்து இறங்கினார்கள். ஹோசியா ஸ்டவுட், ஜேம்ஸ் லூயிஸ், சாப்மன் டங்கன். யூட்டாவிலிருந்து சீனத்துக்கு அனுப்பப்பட்ட முதல் மார்மன் ஊழியர்கள். மொழி தெரியாது, வெயில் தாங்கவில்லை, உள்நாட்டில் போர். ஜூன் மாதம் கப்பலேறித் திரும்பிவிட்டார்கள். மறுபடி அந்தச் சபையார் அங்கே கால் ஊன்ற ஏறத்தாழ நூறாண்டு ஆனது. இன்று புரோவோவில் ஆசிரியரின் கையைப் பார்த்துச் சுரம் பழகும் இளைஞன், அந்த மூவருக்குக் கிடைக்காததைப் பெற்றுக்கொண்டிருக்கிறான். ஒன்பது வாரம் குறைவுதான். ஆனால் அது ஒன்றுமே இல்லாததற்கும் ஏதோ இருப்பதற்கும் இடையிலுள்ள தூரம்.

சொல்லவந்தவர்களுக்குக் கடவுளின் பெயரே ஒரு சோதனையாக இருந்தது. வந்தவர்கள் தங்கள் கடவுளைச் சீனத்தில் என்னவென்று அழைப்பது? கத்தோலிக்கர் நெடிய விவாதத்துக்குப் பின் 'வானத்தின் தலைவர்' என்னும் பொருள்படும் 'தின் ஜூ' என்பதில் நிலைகொண்டார்கள். புரொட்டஸ்டன்ட்கள் 1840களில் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள்: பழைய சீன நூல்களில் வரும் 'மேலுள்ள பேரரசர்' என்ற பெயரா, தெய்வம் என்ற பொதுச்சொல்லா? முடிவு எட்டவில்லை. இன்றும் சீன விவிலியம் இரண்டு பதிப்பாக அச்சாகிறது. தமிழும் இந்த வழியில் நடந்ததுதான். சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என ஒவ்வொரு காலத்து மொழிபெயர்ப்பும் ஒரு பெயரைத் தேர்ந்தது. ஒவ்வொன்றும் இங்கே ஏற்கெனவே யாரோ கைகூப்பி அழைத்துக்கொண்டிருந்த பெயர். ஆக, கடவுளை நான் கொண்டுவருகிறேன் என்று எந்த ஊழியரும் சொல்லிவிட முடியாது. அவர் கடவுளுக்குப் பெயர் கொடுப்பதே வீட்டுக்காரர்தான்.

நம்பிக்கை என்ற சொல்லுக்கும் அதே கதை. கான்டனீஸில் 'ஸொன்' என்பார்கள். அந்த எழுத்தின் இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் பேச்சு. சொல்லின் அருகில் மனிதன் நிற்கிறான். கன்ஃபூசிய மரபு போற்றும் ஐந்து அறங்களில் கடைசியாக எண்ணப்படுவது இதுவே: சொன்ன சொல் தவறாமை. கிறிஸ்தவர்கள் வருமுன் பல நூற்றாண்டாகச் சீனர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த அறம். கடிதத்துக்கும் இதே எழுத்துதான், இதே ஒலிதான். ஹாங்காங்கின் அடுக்குமாடி வீட்டு வாசலில் தபால்பெட்டியின் மேலும் அது இருக்கிறது. கடைக்காரர் கையிலுள்ள கடன் அட்டையின் பெயரிலும் இருக்கிறது. விசுவாசத்தைக் கற்பிக்கவந்த இளைஞன் அந்தச் சொல்லைத் தன் பையில் கொண்டுவரவில்லை. அது தெருவெங்கும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அவன் செய்ய வேண்டியது அதன் இடப்பக்கத்தில் போய் நிற்பது.

தமிழ் இதை வேறு விதமாகச் சொல்லிவைத்திருக்கிறது. வாயோடு சேர்ந்தது வாய்மை, உள்ளத்தோடு சேர்ந்தது உண்மை, உடலோடு சேர்ந்தது மெய்ம்மை என்று பெரியவர்கள் பிரித்துக் காட்டுவார்கள். மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் சத்தியம். கூட்ஸ்லாஃபிடம் வாய் இருந்தது, உள்ளமும் இருந்திருக்கலாம். உடல் அபின் கப்பலில் இருந்தது. நண்பன் வீட்டுக் கூடத்தில் என் உடல் இருந்தது, வாயும் இருந்தது. உள்ளம் தன் மௌனத்தின் அச்சத்தில் எங்கோ ஓடிப்போயிருந்தது.

கதவைத் தட்டும் எவருக்கும் சில கடமைகள் உண்டு என்று நான் நினைக்கிறேன். திறக்காமலிருக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்பதை மனதார ஏற்க வேண்டும். திறந்தவரின் தனிமையையோ வறுமையையோ நோயையோ பிடிமானமாகப் பற்றக் கூடாது. தனக்கு நிச்சயமில்லாததை நிச்சயம்போலப் பேசக் கூடாது. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற கணக்கு மனத்துக்குள் நுழைந்தால் அன்றைய ஊழியத்தை நிறுத்திக்கொள்வதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லிவிட்டுப் போனபின் அந்த மனிதர் என்ன ஆனார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இவை சமய ஊழியருக்கு மட்டும் உரிய விதிகள் அல்ல. தன் மகனிடம் ஒழுக்கம் பேசும் தகப்பனுக்கும் இந்தக் கதவு உண்டு. மகன் மனத்தின் கதவு அது. அங்கேயும் தட்டித்தான் நுழைய வேண்டும்.

மறுநாள் காலை அதே அறை. அதே ஆசிரியை அதே பெண்ணாக வந்து அமர்கிறார். இளைஞனின் மடியில் குறிப்பேடு மூடியிருக்கிறது. நலம் விசாரிக்கிறான். பிறகு, முதல் நாள் இரவு தேடிக் கற்றுக்கொண்ட சொல்லை எடுத்து, தட்டுத் தடுமாறிக் கேட்கிறான்: அம்மா இன்னும் யீ யுன்னில்தான் இருக்கிறார்களா? அவர் பதில் நீளமாக வருகிறது. பாதிக்கு மேல் அவனுக்குப் பிடிபடவில்லை. தொண்டையில் மனப்பாட வாக்கியம் இன்றும் காத்திருக்கிறது. அவன் அதை விழுங்கிவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "ம் மிங்" என்கிறான். "விளங்கவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள், மெதுவாக."

அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்குகிறார்.